1802ஆம் ஆண்டின் ஜூவெனல் பதிப்பும் வில்லியம் கிஃபர்டும்

லண்டனில் 1802இல் அச்சான ஜூவெனலின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று உங்களிடம் விலைக்கு வந்திருக்கிறது. தலைப்புப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக வில்லியம் கிஃபர்டின் பெயர் இருக்கிறது. இவர் யார், இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்ட இந்த மொழிபெயர்ப்பை இன்று நம்பிப் படிக்கலாமா, வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். படி முழுமையாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள் என்பதே என் பதில். ஆனால் வாங்கியதும் முதல் கவிதையைத் திறக்காதீர்கள், முன்னுரையிலிருந்து தொடங்குங்கள். இந்த நூலுக்குத் தாம் வந்து சேர்ந்த வழியைக் கிஃபர்டு அங்கே ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருக்கிறார். அதைத் தாண்டிக்கொண்டு கவிதைகளுக்குப் போகிறவருக்கு இந்நூலின் பாதி கிடைக்காமல் போய்விடும்.

முதலில் மூல ஆசிரியரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூவெனல் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ரோமில் எழுதிய இலத்தீன் கவிஞர். அவருடைய அங்கதக் கவிதைகள் 16; அவை ஐந்து தொகுதிகளாக அமைந்தவை. அவற்றுள் ஆறாவது மட்டும் அறுநூறு வரிகளைத் தாண்டும். 'ரொட்டியும் வேடிக்கையும்', 'காவலருக்குக் காவல் யார்', 'நலமான உடலில் நலமான மனம்' என்று உலகமெங்கும் மேற்கோளாக வழங்கும் தொடர்களெல்லாம் இவருடையவை. தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என்று இரண்டாகப் பிரித்து, வெளிப்படையாகச் சொன்னால் அது வசை என்றும், மறைத்துச் சொன்னால் பழிகரப்பு என்றும் பெயர் தருகிறது. ரோமானியரிடம் அந்தப் பெயர்களைக் கொண்டுபோனால், சிரித்துக்கொண்டே குத்தும் ஹொராஸ் பழிகரப்புக்கு நெருங்கி நிற்பார். ஜூவெனலோ செம்பொருளின் உச்சம். இயல்பான திறமை மறுத்தாலும் சினமே கவிதையைச் செய்துகொள்ளும் என்று தம் முதல் கவிதையிலேயே அறிவித்தவர் அவர்.

அப்படிப்பட்டவரை ஆங்கிலத்தில் கொண்டுவர கிஃபர்டுக்கு முன்பே பலர் முயன்றிருந்தார்கள். 1673இல் ஆக்ஸ்ஃபோர்டில், ஆசிரியர் இறந்த பிறகு வெளிவந்த பார்ட்டன் ஹாலிடேயின் பதிப்பு, குறிப்புகளின் புலமையால் இன்றும் மதிக்கப்படுவது. ஆனால் இலத்தீனில் எத்தனை வரியோ ஆங்கிலத்திலும் அத்தனை வரி என்று கட்டாயம் வைத்துக்கொண்டதால் செய்யுள் முறுக்கிப் பிழிந்ததுபோல் ஆகிவிட்டது. அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1693 என்ற ஆண்டைத் தாங்கி, ஜேக்கப் டான்சன் வெளியிட்ட பதிப்பில் கவிஞர் ஜான் டிரைடன் ஐந்து கவிதைகளையும், மற்றொரு ரோமானிய அங்கதக் கவிஞரான பெர்சியஸ் முழுவதையும் தாமே மொழிபெயர்த்து, மற்றவற்றைத் தம் இரு மகன்கள் உள்ளிட்ட வேறு பலரிடம் பகிர்ந்து கொடுத்தார். டிரைடன் கைபட்ட இடங்கள் அபாரமானவை. அந்த ஓட்டத்தைப் பின்வந்தவர் எவரும் எட்டவில்லை என்றே நான் கருதுகிறேன். ஆனால் பல கைகள் சமைத்த விருந்தில் சுவை ஒரே சீராக இருக்காது. ஒரே மனிதர், ஒரே குரலில், குறிப்புகளோடு, 16 கவிதைகளையும் செய்யுளில் தர வேண்டும் என்ற இடம் அதற்குப் பிறகும் நிரம்பாமலே இருந்தது. கிஃபர்டு நிரப்பப் புறப்பட்டது அந்த இடத்தைத்தான்.

இனி அவரது வாழ்க்கை. கிஃபர்டு 1756இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆஷ்பர்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை குடியால் உடல் கெட்டு இறந்தார். ஓராண்டு திரும்புவதற்குள் தாயும் போய்விட்டார். அப்போது பையனுக்கு 13 வயது நிறைந்திருக்கவில்லை. தாய்க்குக் கடன் கொடுத்திருந்ததாகச் சொல்லி, ஞானத்தந்தையே வீட்டில் இருந்த பொருள்களை எடுத்துக்கொண்டார். கைக்குழந்தையாக இருந்த தம்பி ஏழையர் விடுதிக்கு அனுப்பப்பட்டான். கொஞ்ச நாள் பள்ளி, பிறகு ஏர் உழும் வேலைக்கு உடல் ஒத்துழைக்கவில்லை, பிறகு பிரிக்ஸம் துறைமுகத்தில் கரையோரச் சரக்குக் கப்பல் ஒன்றில் எடுபிடிப் பையன் வேலை. அங்கிருந்து அவரை மீட்டது யார் தெரியுமா? பிரிக்ஸத்திலிருந்து வாரந்தோறும் ஆஷ்பர்டனுக்கு மீன் விற்க வந்த பெண்கள். கிழிந்த சட்டையும் கால்சட்டையுமாக அந்தப் பையன் கடற்கரையில் ஓடித் திரிவதை அவர்கள் ஊரில் போய்ச் சொல்ல, அந்தப் பேச்சு ஊராரிடையே இரக்கமாகவும் ஞானத்தந்தையின் மீது கோபமாகவும் திரும்பி, பையனை மறுபடி பள்ளியில் சேர்க்க வைத்தது.

அந்த நல்ல காலமும் நீடிக்கவில்லை. 1772இன் தொடக்கத்தில் செருப்புத் தைக்கும் ஒருவரிடம் தொழில் பழகும் பையனாக ஒப்பந்தம் எழுதிச் சேர்த்துவிட்டார்கள். கிஃபர்டிடம் அப்போது இருந்த புத்தகம் ஒன்றே ஒன்று: யாரோ கொடுத்த இயற்கணித நூல். அதைப் புரிந்துகொள்ள அடிப்படைப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாடநூல் முதலாளியின் மகனிடம் இருந்தது, அதுவும் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. கிஃபர்டு அது இருந்த இடத்தைத் தற்செயலாகக் கண்டுபிடித்து, இரவுகளில் கண்விழித்துப் படித்து, அவன் அறிவதற்கு முன்பே முடித்துவிட்டார். கணக்குப் போட்டுப் பார்க்கத் தாளும் மையும் வாங்கக் காசு இல்லை. ஆகவே தோல் துண்டுகளை எடுத்து, முடிந்த அளவு வழவழப்பாகும்வரை அடித்துத் தட்டையாக்கி, முனை மழுங்கிய குத்தூசியால் அதன்மேல் சமன்பாடுகளைக் கீறினார். இடம் போதாத கணக்குகளை மனத்திலேயே போட்டார்.

இடையில் பாட்டும் கட்டத் தொடங்கினார். கடைப்பலகை வேடிக்கை, பக்கத்து வீட்டுச் செய்தி என்று கையில் கிடைத்ததைப் பற்றியெல்லாம் எழுதி நண்பர்களிடம் சொல்லிக் காட்டியதில், சில மாலைகளில் ஆறு பென்ஸ் வரை சேர்ந்தது. அந்தக் காசுக்குத் தாளும் கணித நூல்களும் வாங்கினார். முதலாளிக்கு இது தெரிந்ததும் புத்தகங்களும் எழுதியவையும் பிடுங்கப்பட்டன. பையனின் மனம் இருண்டு போனது. யாரிடமும் பேசாமல், எதையும் எதிர்பார்க்காமல் சில ஆண்டுகள் கழிந்தன என்று முன்னுரையில் எழுதுகிறார். அந்தப் பகுதியை வேகமாகப் படித்துக் கடக்க முடியாது.

அப்போது வந்தவர்தான் வில்லியம் குக்ஸ்லி, அந்த ஊரின் அறுவை மருத்துவர். பெரிய செல்வர் அல்லர். பெரிய குடும்பம் உள்ளவர். வாய்மொழியாகப் பரவிய பாட்டு ஒன்று காதில் விழ, எழுதிய பையனைத் தேடி வந்து அவன் கதையைக் கேட்டார். கேட்டதும், கிஃபர்டின் மீதி ஒப்பந்தக் காலத்தை விலைக்கு வாங்கி விடுவிக்கவும், எழுத்தும் இலக்கணமும் கற்பிக்கவும் என்று ஊரில் சந்தா திரட்டத் தொடங்கினார். ஐந்து ஷில்லிங்குக்கு மேல் கொடுத்தவர் சிலரே. பத்தரை ஷில்லிங்கைத் தாண்டி ஒருவரும் கொடுக்கவில்லை. முதலாளிக்குக் கொடுத்த ஆறு பவுன் போக, சில மாதச் சாப்பாட்டுக்கு மிஞ்சியது. ஸ்மெர்டன் என்ற மதகுருவிடம் படிக்க உட்கார்ந்தபோது கிஃபர்டுக்கு இருபது வயதுக்கு மேல் இல்லை. விடுதலையான நாளிலிருந்து இரண்டு ஆண்டு இரண்டு மாதத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்றுவிட்டதாக ஆசிரியர் சொன்னார். ஆக்ஸ்ஃபோர்டின் எக்ஸிடர் கல்லூரியில் விவிலியம் வாசிக்கும் சிறு பொறுப்பு ஒன்றைக் குக்ஸ்லியின் முயற்சியால் பெற்று, 1779இல் அங்கே போய்ச் சேர்ந்தார்.

ஜூவெனல் மொழிபெயர்ப்பின் தொடக்கமும் ஸ்மெர்டனின் வகுப்பில்தான். பத்தாம் கவிதையை விடுமுறைப் பாடமாகச் செய்துகாட்ட, அது ஆசிரியருக்குப் பிடித்துப்போய், மற்றவையும் வரிசையாக வந்தன. முழுவதையும் வெளியிடுவதென்று முடிவு செய்து 1781இன் தொடக்கத்தில் முன்பதிவுச் சந்தா திறந்தார்கள். படிகளைத் திருத்தித் தர வேண்டியவர் குக்ஸ்லி. அந்த மாதமே குக்ஸ்லி இறந்துவிட்டார். தம்மைத் தூக்கி நிறுத்தியவரின் மறைவுக்குப் பிறகு கையெழுத்துப் படியைப் பிரிக்கவே கிஃபர்டால் முடியவில்லை. பிறகு பிரித்தபோது, அதில் மலிந்திருந்த பிழைகள் கண்ணுக்குத் தெரிந்தன. தரமில்லாததை அச்சேற்ற மாட்டேன் என்று முடிவெடுத்து, சந்தாப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். கையில் காசில்லாத ஓர் இளைஞர் எடுத்த முடிவு இது என்பதை நினைத்துப் பாருங்கள். அவர் எழுதியவற்றில் எனக்கு ஒப்பாதவை பல உண்டு; அவற்றைப் படிக்கும்போதும் இந்த ஒரு செயலுக்காக அவர்மேல் எனக்குள்ள மதிப்பு குறைவதில்லை.

அதன்பின் அவர் வாழ்க்கை திரும்பியது ஒரு மறதியால். லண்டனில் இருந்த நண்பர் ஒருவருக்கு அவர் எழுதும் கடிதங்களை குரோவ்னர் பிரபுவின் முகவரியிட்ட வெளியுறைக்குள் வைத்து அனுப்புவது வழக்கம். ஒரு முறை உள்ளே இருந்த கடிதத்தின்மேல் நண்பரின் பெயரை எழுத மறந்துவிட்டார். தமக்கு வந்ததென்று நினைத்துப் பிரபு அதைப் பிரித்துப் படித்து, எழுதியவர் யாரென்று விசாரித்து, வரவழைத்து, இனி உங்கள் நிகழ்காலமும் எதிர்காலமும் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். அவருடைய மகனுக்கு ஆசிரியராக ஐரோப்பாவில் இரண்டு முறை சுற்றி வந்தார் கிஃபர்டு. வாழ்க்கைக் கவலை நீங்கிய பிறகும் ஜூவெனலை அவர் அவசரப்பட்டு வெளியிடவில்லை. திருத்தித் திருத்தி, முதல் சந்தா திறந்து 21 ஆண்டுகள் கழித்து, 1802இல்தான் நூல் வந்தது. அத்தனை காலம் கழிந்தும் குக்ஸ்லியின் பெயர் முன்னுரையில் பதிந்து நிற்கிறது.

இவ்வளவையும் நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜூவெனலின் மூன்றாம் கவிதையில், உம்பிரீசியஸ் என்பவர் ரோமைவிட்டுக் கூமேக்குப் புறப்படும்போது, ஏழைக்கு இந்த நகரில் இடமில்லை என்று புலம்புகிறார். 147ஆம் வரியிலிருந்து வரும் பகுதியில் ஏழையின் உடையை நகரத்தார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வருகிறார்: மேலாடை அழுக்கேறியிருக்கிறது, ஒரு செருப்பின் தோல் வெடித்து வாய் பிளந்திருக்கிறது, அல்லது, பிளந்த காயத்தைத் தைத்து மூடிய இடத்தில் தடித்த புது நூல் ஒன்றுக்கு மேற்பட்ட தழும்புகளைக் காட்டுகிறது. இதைப் பார்த்துத்தான் அவர்கள் சிரிக்கிறார்கள். வறுமையின் கொடுமைகளில் கொடியது, அது மனிதரை நகைப்புக்கு ஆளாக்குவதே என்று அடுத்த வரி சொல்கிறது. காயம், தழும்பு என்று மனித உடலுக்குரிய சொற்களை ஜூவெனல் செருப்பின்மேல் வைத்திருக்கிறார். பழைய தோலில் புது நூல் ஏன் அப்படித் துருத்திக்கொண்டு தெரியும், தையல் தடித்தால் அது ஏன் மறைவதே இல்லை என்பதைப் பெரும்பாலான புலவர்கள் குறிப்புரை பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இந்த மொழிபெயர்ப்பாளருக்கு அது தேவைப்பட்டிருக்காது. பல ஆண்டுகள் அந்த ஊசியையும் அந்த நூலையும் கையில் பிடித்திருந்தவர் அவர். அதே கவிதையில் சற்றுத் தள்ளி, வீட்டு வறுமை தடுத்து நிற்கும்போது திறமையுள்ளவர்கள் எளிதில் மேலெழுவதில்லை என்று ஒரு வரி வருகிறது. சாமுவேல் ஜான்சன் 1738இல் லண்டன் நகரைப் பற்றி எழுதிய கவிதையில் அந்த வரியைத் தழுவி, தனித்துத் தெரியும்படி பெரிய எழுத்துகளில் அச்சிட்டார். தோல் துண்டில் கணக்குப் போட்டவரின் முன்னுரைக்குப் பிறகு நீங்கள் அந்த வரிக்கு வரும்போது, அது மேற்கோளாக மட்டும் ஒலிக்காது.

மொழிபெயர்ப்பின் தரத்துக்கு வருகிறேன். முதல் கவிதையின் முதல் இரண்டு வரிகளை எடுத்துக்கொள்வோம். இலத்தீனில் அது இப்படித் தொடங்கும்: 'செம்பெர் எகோ ஆவுதீத்தோர் தாந்தும்? நும்க்வாம்னே ரெபோனாம்?' எப்போதும் நான் கேட்கிறவனாக மட்டுமே இருக்க வேண்டுமா, ஒருபோதும் திருப்பிக் கொடுக்க மாட்டேனா என்பது பொருள். ஓயாமல் கவிதை வாசித்துத் தொண்டை கட்டிப்போன ஒருவரின் நெடுங்காவியத்தைக் கேட்டுச் சலித்தவரின் குமுறல் இது. 'ரெபோனாம்' என்ற சொல்லில் கடனைத் திருப்பிச் செலுத்தும் பொருள் இருக்கிறது. பட்டதற்குப் பதில் கொடுப்பதாகச் சொல்லும்போதே, பட்ட கடனை அடைக்கும் தொனியும் கூட வருகிறது. டிரைடன் இரண்டு வரியை இரண்டு வரியாகவே முடித்து, கணக்குத் தீர்க்கும் சொல் ஒன்றை முதல் வரியிலேயே வைத்துவிடுகிறார். கிஃபர்டுக்கு நான்கு வரிகள் ஆகின்றன. ஆனால் அவர் தொடங்குவது ஒரு வியப்புச் சொல்லோடு; கடனடைக்கும் சொல்லை நான்காம் வரியின் கடைசிக்குத் தள்ளி, 'மட்டும்' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் அழுத்தி, மூச்சு முட்டக் காத்திருந்தவர் இறுதியில் வெடிப்பதுபோல அமைத்திருக்கிறார். டிரைடனின் வரிகளில் வேகம். கிஃபர்டின் வரிகளில் அடக்கி வைத்த எரிச்சல். இலத்தீனின் இறுக்கம் கிஃபர்டிடம் தளர்ந்துவிட்டது என்று குறை சொல்லலாம். சினத்தின் ஏற்றம் தப்பவில்லை.

பொருளில் அவர் நம்பத்தக்கவர். மூலத்தில் இல்லாத ஒரு கருத்தைக் கொண்டுவந்து ஒட்டும் பழக்கம் டிரைடன் குழுவினரிடம் இருப்பதுபோல் இவரிடம் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஒன்று, ஜூவெனல் நம்மிடையே வாழ்ந்திருந்தால் எப்படிப் பேசியிருப்பாரோ அப்படிப் பேசவைப்பதே தம் நோக்கம் என்று கிஃபர்டு முன்னுரையில் சொல்கிறார். அந்தக் கொள்கையின்படி ஆபாசமான இடங்களை மங்கலாக்கிவிடுகிறார். நாகரிகம் முதிர்ந்த காலத்தில் ஜூவெனலும் அவற்றை வேறு விதமாகவே சொல்லியிருப்பார் என்பது அவர் வாதம். இரண்டாம் கவிதையும் ஆறாம் கவிதையும் ஒன்பதாம் கவிதையும் அதனால் பெரிதும் மெலிந்துபோகின்றன. ஜூவெனலின் கொச்சை தற்செயலானதன்று. உயர்ந்த காவிய நடையில் பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று சாக்கடையில் இறங்குவதில்தான் அவருடைய அடி விழுகிறது. அதை மங்கலாக்கினால் அடியே விழாது.

மற்றொன்று அதைவிட நுட்பமானது. பத்தாம் கவிதையில், ரோமப் பேரரசர் திபேரியஸின் வலக்கையாக இருந்த செஜானஸ் வீழ்ந்ததும் அவனுடைய வெண்கலச் சிலையை உருக்குகிறார்கள். உலகிலேயே இரண்டாம் இடத்தில் இருந்த அந்த முகத்திலிருந்து குடுவைகளும் தாம்பாளங்களும் வாணலியும் சிறுநீர்ச் சட்டிகளும் பிறக்கின்றன என்று ஒரே வரியில் பட்டியல் போட்டுவிட்டு ஜூவெனல் நகர்ந்துவிடுகிறார். அங்கே சினம் இருக்கிறது. வயிறு குலுங்கும் சிரிப்பும் இருக்கிறது. கிஃபர்டு ஜூவெனலை ஓர் அறநெறி முழக்கமாகவே கேட்டார். சினத்தை முழுமையாகக் கேட்ட செவிக்கு, அந்தச் சிரிப்பு சில இடங்களில் எட்டவில்லை என்பது என் கணிப்பு. மேடைப் பேச்சின் கம்பீரம் பக்கத்துக்குப் பக்கம் நிலைத்து நிற்கிறது. நீங்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் தலையசைத்துக்கொண்டு போவீர்கள்.

இந்தக் குறை அவருடைய மற்ற எழுத்துகளில் கடுமையான குற்றமாகவே மாறியது. அதை மறைத்து இந்தப் பதிலை எழுத எனக்கு விருப்பமில்லை. ஜூவெனலுக்கு முன்பே, பெர்சியஸின் முதல் கவிதையைத் தழுவி எழுதிய அங்கதம் ஒன்றாலும், ஹொராஸைத் தழுவி 1795இல் எழுதிய மற்றொன்றாலும் கிஃபர்டு பெயர் பெற்றிருந்தார். டெல்லா கிரஸ்கன் என்று அழைக்கப்பட்ட, பகட்டு நடையில் எழுதிய கவிஞர் குழுவை அவை தாக்கின. குழுவின் கவிதைகள் பெரும்பாலும் அந்தத் தாக்குதலுக்குத் தகுந்தவையே. ஆனால் மேரி ராபின்சன் என்ற கவிஞரை, நோயால் கால்கள் முடங்கிய ஒரு பெண்ணை, அவருடைய ஊன்றுகோலைச் சொல்லி ஏளனம் செய்தார். நகைப்புக்கு ஆளாவதே வறுமையின் கொடுமை என்று எழுதிய கவிஞரை ஆண்டுக்கணக்காக மடியில் வைத்திருந்தவர் இதை எழுதியிருக்கக் கூடாது. ஃபிளாமினியச் சாலையிலும் இலத்தீன் சாலையிலும் சாம்பலாகப் புதைந்து கிடப்பவர்களைப் பற்றியே பேசுவேன் என்று ஜூவெனல் முதல் கவிதையை முடிக்கிறார். கிஃபர்டு உயிரோடு இருந்தவர்களின் பெயரைச் சொல்லி அடித்தார். ஜூவெனல் மொழிபெயர்ப்பைக் கண்டித்து ஒரு விமர்சன இதழ் எழுதியபோது, அடுத்த ஆண்டே தனிநூலாக மறுப்பு வெளியிட்டார். 1809 முதல் 1824 வரை ஜான் மர்ரியின் காலாண்டு விமர்சன இதழுக்கு ஆசிரியராக இருந்த காலத்தில், அந்த இதழின் அரசியல் கடுமைக்கு அவரே முகமாகிப்போனார். 1819இல் வில்லியம் ஹாஸ்லிட் அவர்மீது எழுதிய பகிரங்கக் கடிதம், ஆங்கில உரைநடையின் வசைகளில் முன்வரிசையில் நிற்பது.

அதே கூர்மை அடிக்குறிப்புகளில் நன்மையாகப் பயன்பட்டது. குறிப்புகளை நேரம் ஒதுக்கிப் படியுங்கள். ரோமானியர் விருந்தில் யார் எங்கே சாய்ந்து உண்டார்கள், காலையில் செல்வர் வாசலில் அன்பளிப்புக்குக் காத்திருந்தவர்களின் நிலை என்ன என்பதையெல்லாம் விளக்குவதோடு, முந்தைய உரையாசிரியர்களோடு நேருக்கு நேர் வாதாடுகிறார். பழைய ஆங்கில நாடகங்களில் அவருக்கு ஆழ்ந்த பயிற்சி உண்டு; 1805இல் மாசிஞ்சரின் நாடகங்களையும் 1816இல் பென் ஜான்சனின் படைப்புகளையும் பதிப்பித்தவர் அவர். செஜானஸைப் பற்றி நாடகம் எழுதிய பென் ஜான்சன் ஜூவெனலிடமிருந்து எடுத்ததை எடைபோட இவரைவிடத் தகுதியானவர் அக்காலத்தில் அரிது.

இந்த நூலால் தர முடியாததும் ஒன்று உண்டு. 1899இல் வின்ஸ்டட் என்ற ஆக்ஸ்ஃபோர்டு மாணவர், போட்லியன் நூலகத்தின் சுவடி ஒன்றில், ஆறாம் கவிதைக்குள் வேறெந்தச் சுவடியிலும் இல்லாத 36 வரிகளைக் கண்டெடுத்தார். அந்தச் சுவடி, வெனிஸில் கனோனிச்சி என்பவர் திரட்டிய தொகுப்போடு போட்லியனுக்கு வந்து சேர்ந்தது 1817இல். கிஃபர்டின் ஜூவெனல் பெர்சியஸையும் சேர்த்துக்கொண்டு இரண்டு தொகுதிகளாக மூன்றாம் பதிப்பு கண்டதும் அதே 1817இல்தான். ஆகவே மூலத்தோடு ஒப்பிட விரும்பினால், இலத்தீனும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும் லோப் வரிசையில் 2004இல் சுசன்னா பிரவுண்ட் செய்த பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, படியைப் பற்றி. 1802ஆம் ஆண்டின் முதல் பதிப்பு ஒரே தொகுதி, குவார்ட்டோ அளவு. அதாவது முழுத்தாளை இருமுறை மடித்து எட்டுப் பக்கமாக்கியது. அச்சிட்டவர் வில்லியம் புல்மர். பாய்டெல்லின் ஷேக்ஸ்பியர் பதிப்புக்காகத் தொடங்கிய அச்சகம் அவருடையது. வில்லியம் மார்ட்டின் வெட்டிய எழுத்துருக்களால் அக்காலத்தின் அழகிய அச்சுக்குப் பெயர் போனது. புல்மரின் பக்கத்தில் ஓரங்கள் தாராளமாக இருக்கும். பின்னாளில் பைண்டு செய்தவர்கள் வெட்டிக் குறைத்திருந்தால் அந்த அழகு போய்விடும். தலைப்புக்கு மேலே எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு ஃபாரத்தின், அதாவது மடித்த தாள் கட்டின், முதல் பக்க அடியில் ஓர் எழுத்து அச்சாகியிருக்கும். அந்த எழுத்து வரிசை அறுபடாமல் வந்தால் இடையில் தாள் விடுபடவில்லை என்று பொருள். முன்னுரைப் பகுதியைத் தனியாக எண்ணிப் பாருங்கள், ஏனென்றால் ரோமானியப் பக்க எண்கள் கொண்ட முன்பகுதியில் விடுபட்டால் பலர் கவனிப்பதில்லை. இந்த நூலில் விடுபடக் கூடாத பகுதியும் அதுதான். ஓரிரு தாள்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 1794ஆம் ஆண்டின் வரிச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்துத் தாள்களின் நீர்க்குறியில் ஆண்டும் சேர்ந்து வருவது வழக்கமாயிற்று. 1802க்குப் பிந்திய ஆண்டு ஏதாவது தாளில் தெரிந்தால், அந்தத் தாள் வேறிடத்திலிருந்து வந்தது. பழுப்புப் புள்ளிகளுக்காக நூலை ஒதுக்காதீர்கள்; அந்த வயதில் அவை இயல்பு. கன்றுத்தோல் அட்டையின் மூட்டு வெடித்திருந்தாலும் நல்ல பைண்டரிடம் சரிசெய்யலாம்.

கிஃபர்டு 1826ஆம் ஆண்டின் கடைசி நாளில் இறந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆஷ்பர்டனில் அவரோடு வளர்ந்த நண்பர் ஜான் அயர்லாந்து அப்போது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் தலைமைக் குரு. அவருடைய ஏற்பாட்டில் அந்த ஆலயத்திலேயே அடக்கம் நடந்தது. உயிலைத் திறந்து பார்த்தபோது, சொத்தின் பெரும்பகுதி, 45 ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன அறுவை மருத்துவர் குக்ஸ்லியின் மகனுக்கு எழுதப்பட்டிருந்தது.